பெர்ஸீலியஸ் பெருந்தகை

அறிஞர் கண்ட உண்மை அவர் வாழ்நாளிலேயே பயன் தருதலும் உண்டு. அவர் மறைந்து நூற்றாண்டு கழிந்தபின் பயன் தருதலும் உண்டு. பின்னதற்குச் சான்றாக விளங்குபவர் ஸ்வீடன் தேசத்து இரசாயன நூற் பேராசிரியராகிய யோன்ஸ் யாக்கோபு பெர்ஸீலியஸ் என்பார். இக்காலத்தில் நம் கைப்பேசியை இயக்குவது லித்தியம் மின்கலம். அதன் கொள்ளளவைப் பெருக்குதற்கு அறிஞர் நாடும் பொருள்களுள் தலையாயது சிலிக்கன். இவ்விரண்டனுள் லித்தியம் இவர்தம் மாணாக்கரால் இவரது ஆய்வறையிற் காணப்பட்டது. சிலிக்கன் இவராலேயே பிரித்தெடுக்கப்பட்டது. ஆதலின் இவர் வரலாற்றைச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

பிறப்பும் இளமையும்

பெர்ஸீலியஸ் 1779-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 20-ஆம் நாள் வேவர்சுந்தா என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் பள்ளியாசிரியர், மகனுக்கு நான்கு வயது ஆகும்பொழுதே காலமானார். தாயார் குருவானவர் ஒருவரை மறுமணம் புரிந்தார். சில ஆண்டுகளில் அவரும் உலக வாழ்வை நீத்தார். இருமுதுகுரவரையும் இழந்த சிறுவர் தாய்மாமன் இல்லத்தில் வளர்ந்தார். பிற பிள்ளைகட்குப் பாடஞ் சொல்லிப் பொருளீட்டித் தம் கல்வியைத் தொடர்ந்தார். பள்ளியை விட்டு நீங்குங்கால் இவர் பெற்ற நற்சான்றிதழ் இவரைப் பெரிதும் புகழ்ந்திலது.

பின்னர் உப்சாலாப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயிலலாயினார். அங்கிருந்த இரசாயனச் சாலையில் மாணாக்கர் நினைத்தபொழுதெல்லாம் புகுதற்கு இசைவில்லை. இவரோ பணியாளனுக்குச் சிறிது பொருள் கொடுத்துப் பின்வாயில் வழியே நுழைந்து மறைவில் ஆராய்ந்து வந்தார். ஒருநாள் பேராசிரியர் கையிலே அகப்பட்டுக்கொண்டார். பேராசிரியர் அவரைத் துரத்தாது, இனி முன்வாயில் வழியாகவே வருமாறு பணித்தனர் என்பர்.

மின்சார ஆராய்ச்சி

1800-ஆம் ஆண்டில் இத்தாலியராகிய வோல்ட்டா என்பவர் முதல் மின்கல அடுக்கைச் செய்து உலகிற்கு அறிவித்தார். பெர்ஸீலியஸ் உடனே செப்புத் தகடுகளையும் துத்தநாகத் தகடுகளையும் அடுக்கித் தாமே ஒன்று அமைத்தார். அதன் மின்சாரத்தால் நோய் தீருமோ என ஆராய்ந்து, அவ்வாராய்ச்சியைக் கொண்டே 1802-இல் மருத்துவப் பட்டம் எய்தினார். நோயாளர் அடைந்த நன்மை சிறிதே. ஆயினும் 1803-இல் சுரங்க உரிமையாளராகிய ஹிஸிங்கர் என்னும் நண்பருடன் கூடி, உப்புக் கரைசல்களில் மின்சாரத்தைச் செலுத்திப் பார்த்தார். பிராணவாயுவும் அமிலங்களும் நேர்முனைக்குச் செல்ல, உலோகங்களும் காரங்களும் எதிர்முனைக்குச் செல்லுதலைக் கண்டார். இக்காட்சியே இவர்தம் கொள்கைக்கெல்லாம் அடிப்படையாயிற்று.

அடுக்களையும் ஆய்வறையும்

1807-இல் ஸ்டாக்ஹோம் நகரில் பேராசிரியர் ஆனார். மாணாக்கர் கற்றற்குத் தக்க நூல் தம் தாய்மொழியில் இல்லாமை கண்டு, தாமே ஒரு பாடநூல் எழுதத் தொடங்கினார். ஒவ்வொரு பொருளிலும் எத்தனிமம் எவ்வளவு கலந்துள்ளது என்னும் அளவைப் பிறர் நூல்களினின்று எடுத்தெழுத இவர் மனம் ஒருப்படவில்லை. ஆதலின் ஏறத்தாழ 2000 கூட்டுப் பொருள்களைத் தாமே பகுத்து நிறுத்தனர். தனிமங்களை அவற்றின் இலத்தீன் பெயரின் முதலெழுத்துக்களாற் குறிக்கும் முறையையும் 1813-இல் வகுத்தார். இன்று நம் கல்லூரியில் இரசாயனம் பயிலும் மாணவர் எழுதும் குறியீடுகள் இவர் வழங்கிய செல்வமே.

இத்துணைப் பெரும்பணி நிகழ்ந்த இடம் மாளிகையன்று. சாதாரணமான இரண்டு அறைகளே. அவற்றை அடுத்த அடுக்களையில் அன்னா என்னும் பணிப்பெண் உணவு சமைப்பார். ஆய்வுக் கலங்களைக் கழுவுபவரும் அவரே. ஜெர்மனியிலிருந்து 1823-இல் வந்து பயின்ற வோலர் என்பார் இவ்வெளிமையைக் கண்டு வியந்தனர்.

கல்லிற் கண்ட இரு பொருள்கள்

1817-ஆம் ஆண்டு ஆர்ஃப்வெட்சன் என்னும் இளைஞர் பெர்ஸீலியஸிடம் பயின்று வந்தார். ஊட்டோ என்னும் தீவிற் கிடைத்த பெட்டலைட் என்ற கல்லை அவர் பகுத்தாராய்ந்தார். கிடைத்த பகுதிகளையெல்லாம் கூட்டிப் பார்க்க, நூற்றுக்கு ஏறத்தாழ நான்கு பங்கு குறைந்தது. கைப்பிழை என்று கருதி விட்டுவிடுதல் எளிது. அவரோ விடாது மீண்டும் மீண்டும் நிறுத்தார். குறைந்த பங்கில் அதுகாறும் அறியப்படாத காரப்பொருள் ஒன்று ஒளிந்திருந்தது. கல் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லினின்று ஆசிரியர் அதற்குப் பெயரமைத்தார். அப்பெயரினின்றே லித்தியம் என்னும் பெயர் வந்தது. கண்டறிந்த புகழை மாணாக்கருக்கே உரியதாக்கினார். தம் ஆய்வறையில், தம் துணையால் விளைந்த ஒன்றைத் தமதென்று கொள்ளாத இப்பெருந்தன்மையை நாம் மிகவும் போற்றுகின்றோம்.

மணலிலும் கல்லிலும் நிறைந்து கிடக்கும் சிலிக்கன் பிராணவாயுவை எளிதில் விடுவதன்று. முன்னரே முயன்ற அறிஞர் சிலர் அதனைத் தூய்மையாகப் பெற்றிலர். 1824-இல் பெர்ஸீலியஸ் சிலிக்கனும் புளோரினும் அடங்கிய உப்பொன்றைப் பொட்டாசிய உலோகத்துடன் கூட்டிக் காய்ச்சி, விளைந்ததைப் பலகாற் கழுவிப் பழுப்பு நிறப் பொடியாக அதனைப் பெற்றார். லித்தியம் ஒளிந்திருந்த பெட்டலைட் கல்லிலும் மிகுதியாயுள்ளது சிலிக்கன் அடங்கிய பொருளே என்பது நினைக்கத்தக்கது.

முதுமை

நிறைகுடமாகிய இவரிடத்தும் ஒரு குறை உண்டு. ஒவ்வொரு கூட்டுப் பொருளும் நேர்மின் பகுதி, எதிர்மின் பகுதி என இரண்டால் ஆயது என்பது இவர் கொள்கை. உயிர்ப்பொருள் இரசாயனத்திற்கு அது பொருந்தவில்லை என்று பிரெஞ்சு அறிஞர் டியூமா முதலானோர் சான்று காட்டினர். குளோரின் ஒரு தனிமமே என்பதை நெடுநாள் மறுத்துப் பின்னர் ஏற்றுக்கொண்ட பெர்ஸீலியஸ், முதுமையில் இதனை மட்டும் ஏற்றிலர். அவர் அமைத்த தராசு உண்மையாகவே இருந்தது. அதன் மேற் கட்டிய கொள்கையோ ஓரளவே நின்றது.

1835-இல், 56-ஆம் வயதில், மணம் புரிந்தார். அவ்வாண்டே அரசர் அவருக்குப் பிரபுப் பட்டம் அளித்தார். 1848-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 7-ஆம் நாள் ஸ்டாக்ஹோமிற் காலமானார்.

இறந்தபின் விளைந்த பயன்

லித்தியம் அயனி மின்கலம் 1991-இல் விற்பனைக்கு வந்தது. அதில் மின்னேற்றுங்கால் லித்தியம் எதிர்முனைக்குச் செல்லுகின்றது. 1803-இல் பெர்ஸீலியஸ் கண்ட காட்சியும் இத்தகையதே. எதிர்முனையிற் பெரும்பாலும் இருப்பது கிராபைட் என்னும் கரி. ஆறு கரி அணுக்கள் கூடி ஒரு லித்தியத்தையே தாங்கும். நான்கு சிலிக்கன் அணுக்களோ பதினைந்தைத் தாங்கவல்லன. ஒரு கிராம் கிராபைட் 372 மில்லி ஆம்பியர்-மணி மின்சாரம் கொள்ள, சிலிக்கன் ஏறத்தாழ 3600 கொள்ளும்.

எனினும் இவ்விருந்தோம்பலால் சிலிக்கனுக்கே கேடு விளைகின்றது. லித்தியத்தை ஏற்ற சிலிக்கன் ஏறத்தாழ நான்கு மடங்காகப் பருத்து, அது நீங்கியபின் சுருங்கும். இவ்வாறு பலமுறை நிகழ வெடித்துப் பொடியாகும். வெடித்த புதுப்பரப்பின் மீது மென்படலம் மீண்டும் மீண்டும் படிந்து லித்தியத்தை வீணாக்கும். மிக நுண்ணிய துகளாயின் சிலிக்கன் வெடியாது என அறிஞர் கண்டனர். 2008-இல் அமெரிக்க தேசத்து ஸ்டான்ஃபோர்டுப் பல்கலைக்கழகத்தார் மயிரினும் மெல்லிய சிலிக்கன் இழைகளால் எதிர்முனை அமைத்துக் காட்டினர். சிறிதளவு சிலிக்கனைக் கிராபைட்டுடன் கலந்து செய்த மின்கலங்களும் இன்று வழக்கில் உள்ளன.

ஒரே ஆய்வறையின் ஆராய்ச்சியால் வெளிப்பட்ட இரு பொருள்கள் இவ்வாறு மீண்டும் ஒன்று கூடியுள்ளன. கைப்பேசியையும் மின்சார வண்டியையும் பெர்ஸீலியஸ் கனவிலும் கண்டிலர்; தம் முன் இருந்த கல்லை மட்டும் பொய்யின்றி நிறுத்தார். படைத்தவன் கல்லினுள் வைத்ததைக் காண அவர்க்கு வேண்டியிருந்தவை ஒரு தராசும், பொறுமையும், நூற்றில் நான்கு குறைந்தாலும் அமைதி கொள்ளாத மனச்சான்றுமே. மாணாக்கராகிய நாம் எத்துறையைப் பயிலினும், நம் கணக்கிற் குறையும் அந்நான்கினைத் தள்ளிவிடாது தேடுவோமாக.