விலைக்குக் கோடு போட்டவர்

அமெரிக்காவில் மாசாசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு விவசாயி இருந்தார். அவருடைய மகன் கணக்கில் புலி. ஆனால் படித்தது போதும், மகன் வயலில் இறங்கட்டும் என்று தகப்பனார் முடிவு செய்தார்.

மகனுக்கு அது பிடிக்கவில்லை. தாயார் அவனுக்கு 5 டாலர் கொடுத்தார். அந்தப் பணத்துடன் 14 வயதுப் பையன் பாஸ்டன் நகரத்துக்கு ஓடிவிட்டான்.

அவன் பெயர் ஜெஸ்ஸி லிவர்மோர். 1877-ம் ஆண்டு பிறந்தவன். பிற்காலத்தில் பங்கு மார்க்கெட்டையே கலக்கியவர் இவர்தான்.

கரும்பலகை வேலை

பாஸ்டனில் ஒரு பங்குத் தரகு கம்பெனியில் அவனுக்கு வேலை கிடைத்தது. தந்தியில் வரும் பங்கு விலைகளைக் கரும்பலகையில் எழுத வேண்டும். அவ்வளவுதான்.

லிவர்மோர் எழுதி அழிப்பதோடு நிற்கவில்லை. விலைகளை ஒரு சிறு நோட்டில் குறித்து வைத்தான். ஏறுவதற்கு முன் விலை எப்படிப் போயிற்று, இறங்குவதற்கு முன் எப்படிப் போயிற்று என்று ஒப்பிட்டுப் பார்த்தான்.

அந்தக் காலத்தில் அங்கே பந்தயக் கடைகள் இருந்தன. பங்கை வாங்காமலே, அதன் விலை ஏறும் அல்லது இறங்கும் என்று பணம் கட்டலாம். லிவர்மோர் கட்டினான். முதல் லாபம் 3 டாலர் 12 சென்ட். அவன் ஜெயித்துக்கொண்டே போனதால், கடைக்காரர்கள் அவனை உள்ளே விட மறுத்தார்கள்!

தரையும் கூரையும்

நோட்டில் அவர் கண்டது என்ன?

ஒரு பங்கு இறங்கும்போது, குறிப்பிட்ட ஒரு விலையில் வாங்குவதற்குப் பலர் காத்திருப்பார்கள். அங்கே இறக்கம் நிற்கும். அது தாங்கும் விலை. வீட்டுக்குத் தரை போல.

ஏறும்போது, ஒரு விலையில் பலர் விற்க முன்வருவார்கள். முன்பு அந்த விலைக்கு வாங்கி மாட்டிக்கொண்டவர்கள், போட்ட பணம் வந்தால் போதும் என்று விற்பார்கள். அங்கே ஏற்றம் நிற்கும். அது தடுக்கும் விலை. வீட்டுக்குக் கூரை போல.

கூரை உடைந்தால் விலை மேலே பாயலாம். தரை உடைந்தால் கீழே விழலாம். இப்படித் திரும்பும் இடங்களைத்தான் லிவர்மோர் தேடினார்.

அனகோண்டா என்ற தாமிரக் கம்பெனியின் பங்கு 300 டாலரைத் தொட்டது. 300-ஐத் தாண்டினால் மேலும் ஏறும் என்று அவர் வாங்கினார். விலை 300-ஐத் தாண்டியது. ஆனால் சுமார் 3 டாலர் ஏறியதும் தளர்ந்துவிட்டது. லிவர்மோர் காத்திருக்கவில்லை. உடனே விற்று வெளியே வந்தார். அவருடைய கோடு, எங்கே நுழைவது என்பதை மட்டும் சொல்லவில்லை. எப்போது ஓடுவது என்பதையும் சொன்னது.

மூன்று விலை, ஒரு கணக்கு

காலையில் வாங்கி மாலைக்குள் விற்கும் வியாபாரிகள் பிற்காலத்தில் இதற்கு ஒரு கணக்கே வைத்துக்கொண்டார்கள். நேற்றைய உச்ச விலை 110, குறைந்த விலை 98, முடிந்த விலை 107 என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 315. மூன்றால் வகுத்தால் 105. இது நடு விலை.

நடு விலையை இரட்டித்தால் 210. அதில் 98-ஐக் கழித்தால் 112. இது இன்றைய தடுக்கும் விலை. 210-ல் 110-ஐக் கழித்தால் 100. இது தாங்கும் விலை.

இது ஜோசியம் அல்ல. விலை அங்கே நின்றே தீரும் என்று யாரும் சொல்ல முடியாது. கணக்கு பொய்த்தால் விலகும் இடத்தை முன்பே குறித்து வைப்பதுதான் இதன் பயன்.

ஏற்றமும் வீழ்ச்சியும்

1907-ல் நியூயார்க் மார்க்கெட் சரிந்தது. லிவர்மோர் ஒரே நாளில் 10 லட்சம் டாலர் சம்பாதித்தார்.

மறு ஆண்டே வந்தது சோதனை. பருத்தியில் அவருக்கு நஷ்டம். கோதுமையில் லாபம். நஷ்டத்தை விடு, லாபத்தை வைத்திரு என்பது அவருடைய சொந்த விதி. ஆனால் வேறொரு வியாபாரியின் பேச்சில் மயங்கினார். கோதுமையை விற்றார். பருத்தியை மேலும் மேலும் வாங்கினார். சேர்த்த பணமெல்லாம் போயிற்று.

1915-ல் கோர்ட்டில் திவாலானார். பிறகு மீண்டும் சம்பாதித்தார். சட்டப்படி கொடுக்கத் தேவையில்லாத பழைய கடனையும் திருப்பிக் கொடுத்தார்.

1929-ல் உலகையே உலுக்கிய வீழ்ச்சி வந்தது. லிவர்மோர் பங்குகளை இரவல் வாங்கி விற்றிருந்தார். விலை விழுந்தபின் மலிவாக வாங்கித் திருப்பிக் கொடுத்தார். அவருக்குக் கிடைத்த லாபம் சுமார் 10 கோடி டாலர் என்று மதிப்பிடப்பட்டது.

ஐந்தே ஆண்டில், 1934-ல், மறுபடியும் திவால்! கடன் 22 லட்சம் டாலருக்கு மேல். சொத்து 2 லட்சம் டாலர்கூட இல்லை.

1940-ல் தமது முறைகளை ஒரு புத்தகமாக எழுதி வெளியிட்டார். திரும்பும் விலைகளைப் பற்றி அதில் விளக்கினார். அதே ஆண்டு நவம்பர் 28-ந் தேதி, மனம் உடைந்த நிலையில், தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 63.

அவர் எழுதிய புத்தகத்தை வியாபாரிகள் இன்றும் படிக்கிறார்கள். விலை எங்கே திரும்பும் என்று தேடுகிறார்கள். அவருடைய வாழ்க்கையையும் சேர்த்துப் படிப்பது நல்லது. கோடு போடுவது சுலபம். கோட்டுக்குக் கட்டுப்படுவதுதான் கஷ்டம்.