வழக்கையும் சந்தித்த வெற்றி: மர்ஹூம் டாக்டர் ஜாகிர் ஹுசைன்

நாட்டின் முதல் முஸ்லிம் குடியரசுத் தலைவர் யார் என்று கேட்டால், நம் பிள்ளைகள் டாக்டர் ஜாகிர் ஹுசைன் என்று உடனே சொல்லிவிடுவார்கள். ஆனால் அவர் தேர்ந்தெடுக்கப்பட்டது செல்லாது என்று உச்ச நீதிமன்றத்தில் வழக்கு நடந்ததை நம்மில் பலர் அறியமாட்டோம்.

1897 பிப்ரவரி 8 அன்று ஹைதராபாத்தில் பிறந்த அவர், இளம் வயதிலேயே பெற்றோரை இழந்தார். அலிகரில் பயிலும்போது, ஒத்துழையாமை இயக்கத்தின் அழைப்பை ஏற்று வெளியேறி, 1920இல் ஜாமிஆ மில்லிய்யா இஸ்லாமிய்யா உருவாகத் துணைநின்றார். பெர்லினில் பொருளாதாரத்தில் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பியதும், பணமுடையில் தவித்த அந்தக் கல்விக்கூடத்தை 22 ஆண்டுகள் கட்டிக் காத்தார். பின்னர் அலிகர் துணைவேந்தர், பீகார் ஆளுநர், 1962இல் குடியரசுத் துணைத் தலைவர் எனப் பொறுப்புகள் அவரைத் தேடி வந்தன.

1967இல் குடியரசுத் தலைவர் தேர்தல் வந்தது. எதிர்த்து நின்ற கோக்கா சுப்பாராவ், போட்டியிடுவதற்காகவே உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி பதவியைத் துறந்தவர். எம்.பி., எம்.எல்.ஏ.க்கள் அளித்த வாக்குகளின் மதிப்பில் ஜாகிர் ஹுசைன் 4,71,244 பெற்றார். சுப்பாராவ் 3,63,971 பெற்றார். மே 13 அன்று ஜாகிர் ஹுசைன் பதவியேற்றார்.

நாடாளுமன்ற உறுப்பினர் பாபுராவ் பட்டேல் உள்ளிட்டோர் இந்த முடிவை எதிர்த்து வழக்குத் தொடுத்தனர். குடியரசுத் தலைவர் தேர்தல் வழக்குகளை உச்ச நீதிமன்றமே விசாரிக்க வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 71ஆவது பிரிவு. அதாவது, தோற்றவர் சில வாரங்கள் முன்புவரை தலைமை வகித்த அதே நீதிமன்றம்!

வாக்காளர்கள் மீது முறையற்ற செல்வாக்கு செலுத்தப்பட்டது என்பது முக்கியக் குற்றச்சாட்டு. தம் கட்சி வேட்பாளருக்கு ஒரு தலைவர் ஆதரவு கேட்பது மட்டுமே அப்படி ஆகிவிடாது என்றது நீதிமன்றம். எம்.பி. தேர்தலில் நிற்பவரைப் போல இவர் வேட்பாளர் உறுதிமொழி எடுக்கவில்லை என்ற வாதமும் நிற்கவில்லை. மனுக்கள் தள்ளுபடியாயின.

ஆட்சியாளரும் காஜியின் முன் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்பது நம் மார்க்கம் கற்றுத் தந்த பாடம். பதவி ஓர் அமானிதம். அது வந்த வழியைக் கேள்வி கேட்பதைப் பகையாகவோ அவமானமாகவோ நாம் எண்ண வேண்டியதில்லை. நமது ஜமாஅத் தேர்தல்களில் தோற்றவர் எழுப்பும் ஆட்சேபனையை நாம் எப்படிக் கேட்கிறோம்? ஒரு கணம் நம்மையே கேட்டுக்கொள்வோம்.

1969 மே 3 அன்று, பதவியில் இருக்கும்போதே அவர் மறைந்தார். தாம் வளர்த்த ஜாமிஆ வளாகத்திலேயே அடக்கமாகியிருக்கிறார். வல்ல அல்லாஹ் அன்னாரின் பிழைகளைப் பொறுத்தருள்வானாக! ஆமீன்.