கலாசாலைகள் கண்ட பாபா சாகேப்

பாபா சாகேப் டாக்டர் அம்பேத்கரின் சரிதத்தைக் கூறப் புகுவோர் பெரும்பாலும் அரசியல் சட்டத்தையும், 1956-ஆம் ஆண்டு அக்டோபர் 14-இல் நாகபுரியில் நிகழ்ந்த தீட்சையையும் கூறி அமைவர். அவை நம் இல்லத்துக் குழந்தைகளும் அறிந்தவை. சர்வகலாசாலை யாருக்காக இருக்கிறது என்னும் கேள்வியை அவர் இளமை முதல் இறுதி வரை விடாது சுமந்தார் என்பது அத்துணை பேசப்படுவதில்லை. அதனை மட்டும் ஈண்டு எழுதுகிறோம்.

1891 ஏப்ரல் 14-இல் மோவ் இராணுவக் குடியிருப்பில், சுபேதார் ராம்ஜியின் கடைசி மகவாகப் பிறந்தவர் பீமராவ். சாத்தாராவில் பள்ளிக்குச் சென்ற காலத்து, வீட்டிலிருந்து கொண்டுசென்ற சாக்குத் துண்டின்மீது, மற்றப் பிள்ளைகளினின்றும் விலகி அமர்ந்தார். தாகமெடுத்தால் பள்ளிச் சேவகன் வந்து குழாயைத் திறத்தல் வேண்டும். சேவகன் வாராத நாளில் தண்ணீரும் இல்லை. பம்பாயில் உயர்நிலைப் பள்ளியில் சமஸ்கிருதம் பயில விரும்பினார். அது மறுக்கப்படவே பாரசீகம் பயின்றார். 1907-இல் மெட்ரிகுலேஷன் தேறியபொழுது நடந்த பாராட்டுக் கூட்டத்தில், கேளுஸ்கர் என்னும் ஆசிரியர் தாம் மராத்தியில் எழுதிய புத்த பகவான் சரிதத்தை அவருக்குப் பரிசளித்தார். அதே ஆசிரியரின் முயற்சியால் பரோடா மன்னர் சயாஜிராவ் கெய்க்வாட் மாதம் 25 ரூபாய் உபகாரச் சம்பளம் அளித்தார். எல்பின்ஸ்டன் கலாசாலைப் படிப்பு அதனால் நிறைவேறியது.

1913-இல் அம்மன்னரின் உதவியாலேயே அமெரிக்காவின் கொலம்பியா சர்வகலாசாலை புகுந்தார். மாதம் பதினொன்றரைப் பவுன், மூன்று ஆண்டுகள். அதற்கு ஈடாகப் பரோடாவில் பத்து ஆண்டு ஊழியம் என்பது ஒப்பந்தம். செலிக்மன், ஜான் டூவி முதலிய பேராசிரியர்களின் வகுப்புகளில் அமர்ந்தார். சாக்குத் துண்டு அங்கில்லை. 1915-இல் எம்.ஏ. பட்டம் பெற்று, 1916-இல் லண்டன் சென்றார். உதவிக் காலம் முடிந்தமையால் 1917-இல் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்பினார். பரோடாவில் உத்தியோகம் இருந்தது. தங்குவதற்கு வீடு இல்லை. பார்சி விடுதியொன்றிலிருந்து தடியேந்திய கூட்டத்தால் வெளியேற்றப்பட்டுப் பம்பாய் மீண்டார். அங்கே சைடன்ஹாம் கலாசாலையில் ஆசிரியராகிச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, கோலாப்பூர் சாகு மகாராஜரின் உதவியும் நவல் பத்தேனா என்னும் பார்சி நண்பரின் கடனும் சேர்த்து, 1920-இல் மீண்டும் கப்பலேறினார். லண்டனில் அரை வயிற்று உணவோடு நூல் நிலையத்தில் பகலெல்லாம் கழித்து, 1923-இல் டி.எஸ்ஸி. பட்டம் பெற்றார்.

இத்துணை அறிவு படைத்த ஒருவர் பட்டம் பெறுதற்கே இரண்டு அரசர், ஓர் ஆசிரியர், ஒரு நண்பர் என நால்வர் கை கொடுக்க வேண்டியிருந்தது. அரசனைக் கண்டறியாத சேரிப் பிள்ளையின் கதி யாது?

1927-இல் பம்பாய்ச் சட்டசபை அங்கத்தினரானதும் இக்கேள்வியையே அவர் அங்கு எழுப்பினார். மக்கள்தொகையில் இரண்டு லட்சம் பேருக்குக் கலாசாலையில் பயில்வோர் முன்னேறிய இந்துக்களில் 1,000, முஸ்லிம்களில் 52, இடைப்பட்ட வகுப்பாரில் 14, தாழ்ந்த வகுப்பாரில் பெரும்பாலும் ஒருவருமில்லை என்ற கணக்கை எடுத்துரைத்தார். அவ்வாண்டே பம்பாய்ச் சர்வகலாசாலைச் சட்டத் திருத்தம் விவாதத்துக்கு வந்தபொழுது, அறிவுத் தகுதி இருந்தும் பொருளின்மையாலோ வேறு தடையாலோ கல்வி எய்த மாட்டாதவருக்கு அதனை எய்துவிக்கும் அமைப்பே சர்வகலாசாலை என்பது அவர் கொண்ட இலக்கணமாயிருந்தது. ஆகவே செனட் சபையில் பின்தங்கிய வகுப்பாருக்கு இடம் வேண்டுமென்று வாதாடினார். பரீட்சை நடத்திப் பட்டம் வழங்குவதோடு தன் கடமை தீர்ந்ததென்று கருதும் நிறுவனத்தை அவர் ஒப்பவில்லை. என் கருத்தில், அவர் கல்வி பற்றிப் பேசியவற்றுள் மிக ஆழமானது இதுவே.

1942-இல் வைசிராயின் நிர்வாக சபையில் இடம்பெற்றவர், காசி, அலிகார் சர்வகலாசாலைகளுக்கு சர்க்கார் ஆண்டுதோறும் தலா 3 லட்ச ரூபாய் அளிப்பதைச் சுட்டி, அட்டவணை வகுப்பு மாணவர்க்கும் நிதி கேட்டார். 1944-இல் ஆண்டுக்கு 3 லட்ச ரூபாய் உபகாரச் சம்பளத் திட்டம் பிறந்தது. அரண்மனை வாயிலில் நில்லாமலே உதவி பெறும் வழி அன்று உண்டாயிற்று. 1951-இல் சென்னை மாகாண வகுப்புவாரி உத்தரவு சுப்ரீம் கோர்ட்டில் செல்லாதென்று தீர்ந்தபொழுது, பின்தங்கிய வகுப்பாருக்குத் தனி ஏற்பாடு செய்யலாமென்று அரசியல் சட்டத்தைத் திருத்திய சர்க்காரில் சட்ட மந்திரியாயிருந்தவரும் அவரே.

சர்க்காரை மட்டும் நம்பி அவர் இருந்தாரல்லர். 1945 ஜூலையில் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவி, 1946 ஜூன் 20-இல் பம்பாயில் சித்தார்த்த கலாசாலையைத் திறந்தார். பகலில் ஆபீசில் எழுதிப் பிழைக்கும் இளைஞர் வேலைக்குச் செல்லுமுன் படித்துப் போகக் காலை வகுப்புகள் அங்கே நடந்தன. ஏழைக்குப் பணம் மட்டுமன்று, நேரமும் இல்லை என்பதை உணர்ந்தவர் செய்த ஏற்பாடு அது.

மராத்வாடாவின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. நிஜாம் ஆட்சியின் கீழிருந்த அப்பகுதிக்குச் சர்வகலாசாலை சுமார் 500 கிலோமீட்டருக்கப்பால் ஐதராபாத்தில் இருந்தது. அங்கே 1948 வரை போதனா மொழி உருது. மராத்தி பேசும் குடியானவன் மகன் என் செய்வான்? 1950 ஜூனில் அவுரங்காபாத்தில் பாபா சாகேப் ஒரு கலாசாலை திறந்தார். 1951 செப்டம்பர் 1-இல் ஜனாதிபதி ராஜேந்திர பிரசாத் அதன் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டினார். அந்நிலம் நாகசேன வனம் என்றும், கலாசாலை பின்னர் மிலிந்த மகாவித்தியாலயம் என்றும் பெயர் பெற்றன. மிலிந்த பஞ்ஹம் கற்ற நம் வாசகர்க்கு அப்பெயர்ப் பொருத்தத்தை விளக்க வேண்டுவதில்லை.

1952-இல் கொலம்பியா அவருக்கு எல்எல்.டி. பட்டமளித்தது. 1956 டிசம்பர் 6-இல் அவர் பரிநிர்வாணம் எய்தினார். 1958-இல் அவுரங்காபாத்தில் மராத்வாடா சர்வகலாசாலை தோன்றியது. அதற்கு அவர் பெயரிட 1978 ஜூலையில் மகாராஷ்டிரச் சட்டசபை தீர்மானித்தவுடன், அப்பகுதிக் கிராமங்களில் நம் மக்களின் குடிசைகள் எரிக்கப்பட்டன; உயிர்களும் மாண்டன. பெயர் மாற்றம் நின்றுபோயிற்று. ஊர்வலமும் சிறையுமாகப் பதினாறு ஆண்டுகள் கழிந்தபின், 1994 ஜனவரி 14-இல், டாக்டர் பாபாசாகேப் அம்பேத்கர் மராத்வாடா சர்வகலாசாலை என்ற பெயர் அதன் வாயிலில் ஏறியது.