கண்ணன் வேடத்தோடு நின்றுவிடாத உதய் சங்கர்

பெக்கான் நானாஸில் வார இறுதிகளில் பிள்ளைகளுக்கு நடனம் சொல்லிக் கொடுத்து வருகிறேன். சென்ற ஆண்டு தீபாவளிக் கலைநிகழ்ச்சிக்காகக் கண்ணன், ராதை கதையை நாட்டிய நாடகமாகத் தயார் செய்தோம். யாருக்கு எந்த வேடம் என்ற பட்டியலைப் புலனக் குழுவில் அனுப்பினேன். அடுத்த வாரம் படிவம் நான்கு மாணவன் ஒருவன் வகுப்புக்கு வரவில்லை. கண்ணன் வேடம் தனக்குத்தான் என்று இரண்டு மாதமாக நம்பியிருந்தவன் அவன். கிடைத்ததோ பின்வரிசையில் நிற்கும் ஆயர்பாடிச் சிறுவன் வேடம்.

அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேடம் கொடுப்பவருக்கு அது வெறும் பட்டியல். அதை வாசிக்கும் பிள்ளைக்கோ தன் திறமையைப் பற்றிய தீர்ப்பு. அவன் வீட்டுக்குப் போய் நான் சொன்னது உதய் சங்கரின் கதை. மாணவர்களே, அதையே இங்கே உங்களுக்கும் சொல்கிறேன்.

உதய் சங்கர் 1900 டிசம்பர் 8ஆம் நாள் ராஜஸ்தானின் உதய்ப்பூரில் ஒரு வங்காளிக் குடும்பத்தில் பிறந்தார். பின்னாளில் சித்தார் மேதையாகப் புகழ்பெற்ற ரவி சங்கர் அவருடைய கடைசித் தம்பி. உதய் சங்கர் ஓவியராக வேண்டும் என்பதே வீட்டாரின் எண்ணம். பம்பாய் ஜே.ஜே. கலைப்பள்ளியில் படித்துவிட்டு, 1920இல் லண்டன் ராயல் கலைக் கல்லூரியில் சேர்ந்தார். நடனத்தை அவர் எந்தக் குருவிடமும் முறையாகக் கற்றதில்லை. சிறுவயதில் கண்ட கிராமிய ஆட்டங்களும், ஓவியத்திலும் சிற்பத்திலும் பார்த்த நிலைகளுமே அவருக்குத் தெரிந்த பாடம். லண்டனில் நடந்த சில இந்திய நிகழ்ச்சிகளில் அதை வைத்துக்கொண்டே ஆடினார்.

அந்தக் காலத்தில் பாலே உலகின் உச்சியில் இருந்தவர் ரஷ்யாவின் அன்னா பாவ்லோவா. பெரிய பாலே நிறுவனங்களில் கலைஞர்களுக்குப் பதவிப் படிகள் உண்டு. கூட்டமாக ஆடுபவர்கள் அடிப்படியில் இருப்பார்கள். அதற்கு மேல் தனி நடனக் கலைஞர்கள். எல்லாருக்கும் மேலே முதன்மை நடனமணி. எந்த வேடம் யாருக்கு என்பதைப் பெரும்பாலும் இந்தப் படிகளே முடிவு செய்யும். துணி வெளுத்துப் பிழைத்த தாயின் மகளான பாவ்லோவா, 1899இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அரச பாலே நிறுவனத்தில் சேர்ந்து, படிப்படியாக உயர்ந்து 1906இல் முதன்மை நடனமணி ஆனார். பிறகு சொந்தக் குழு அமைத்து உலகைச் சுற்றினார்.

1922இல் அவருடைய ஆசியப் பயணம் நம் பக்கத்து ஊர்வரை வந்தது. இன்று குட்வுட் பார்க் ஹோட்டலாக இருக்கும் சிங்கப்பூர்க் கட்டடத்தில் அவர் ஆடினார். ஜொகூர் பாலம்கூட அப்போது கட்டி முடிக்கப்படவில்லை. அங்கிருந்து பயணம் இந்தியாவரை நீண்டது. லண்டன் திரும்பியதும் இந்தியக் கருப்பொருளில் நடனம் அமைக்க விரும்பிய பாவ்லோவா, அதற்கு ஓர் இந்தியக் கலைஞரைத் தேடினார். கண்ணில் பட்டவர் உதய் சங்கர்.

1923 செப்டம்பரில் லண்டன் கோவண்ட் கார்டன் அரங்கில் ராதை, கிருஷ்ணன் நடனம் அரங்கேறியது. பாவ்லோவா ராதை. 22 வயது உதய் சங்கர் கிருஷ்ணன். இந்துத் திருமணத்தைக் காட்டும் இன்னொரு நடனத்தையும் அவரே அமைத்துக் கொடுத்தார். பாலேயில் இணை ஆடும் ஆண், நடனமணியைத் தாங்கிப் பிடிக்க வேண்டும், தூக்க வேண்டும், சுழலும்போது நிலை தவறாமல் காக்க வேண்டும். அதற்குப் பல ஆண்டுப் பயிற்சி தேவை. உதய் சங்கருக்கு அந்தப் பயிற்சி இல்லை. ஆனால் இந்த நடனம் இந்திய நிலைகளைக் கொண்டு அமைந்தது. பாலே ராணியே இங்கே அவருடைய அசைவுகளைக் கற்று ஆடினார்.

அமெரிக்கப் பயணத்திலும் அவர் பாவ்லோவாவின் குழுவோடு சென்றார். இனி என்ன வேண்டும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் அந்தக் குழுவில் அவர் ஏறுவதற்கு அடுத்த படி இல்லை. இந்திய நடனம் நிகழ்ச்சியின் ஒரு சிறு பகுதி மட்டுமே. எஞ்சிய நேரமெல்லாம் பாலேதான். அதையும் கற்றுக்கொள்ளலாம் என்று அவர் ஆசைப்பட்டபோது பாவ்லோவா ஊக்கம் தரவில்லை. சொந்த மண்ணின் நடனத்தைத் தேடிப் போகும்படி அறிவுரை சொன்னார். அப்போது அது கதவை அடைப்பதுபோல் தோன்றியிருக்கலாம்.

குழுவை விட்டு வந்த உதய் சங்கர், பாரிஸ் நகரத்து இரவு விடுதிகளில் ஆடிப் பிழைத்தார். உலகம் போற்றிய நடனமணியின் கண்ணனுக்கு அது எளிதான வாழ்க்கை அல்ல. ஆனால் அங்கேதான் சிமோன் பார்பியே என்ற பிரெஞ்சுப் பெண்ணுக்கு நடனம் கற்றுக் கொடுத்தார். பியானோ வாசித்துக்கொண்டிருந்த அவர், சிம்கி என்ற பெயரில் உதய் சங்கரின் முதன்மை இணையாக வளர்ந்தார். சுவிட்சர்லாந்துச் சிற்பி ஆலிஸ் போனரும் துணை நின்றார். இருவரும் இந்தியா முழுவதும் சுற்றி, கோயில்களையும் நடனங்களையும் பார்த்தார்கள். பிறகு தம்பிமாரும் உறவினரும் இசைக் கலைஞர்களும் சேர்ந்த குழுவோடு பாரிஸ் திரும்பினார்கள். 1931 மார்ச் 3ஆம் நாள் குழுவின் முதல் நிகழ்ச்சி நடந்தது. அதைப் பார்க்கப் பாவ்லோவா இல்லை. அதே ஆண்டு ஜனவரி 23ஆம் நாள், 49 வயதில் காலமாகியிருந்தார்.

இப்போது வேடம் கொடுக்கும் இடத்தில் உதய் சங்கர் அமர்ந்தார். அவர் ஆள் தேர்ந்த விதம் கவனிக்கத்தக்கது. பாரிஸ் கண்காட்சிக்குத் தந்தையோடு வந்த சிறுமி அமலா நந்தியைக் குழுவில் சேர்த்துப் பயிற்சி கொடுத்தார். பின்னாளில் அவரே உதய் சங்கரின் நடன இணையும் மனைவியும் ஆனார். ஜெர்மனியில் நவீன நடனம் பயின்று வந்த ஜோஹ்ரா, குழுவின் முன்னணிக் கலைஞராகி, பிறகு ஆசிரியராகவும் உயர்ந்தார். இருந்தாலும் மேடையின் நடுவிடம் எப்போதும் உதய் சங்கருக்குத்தான். பத்து வயதில் குழுவில் சேர்ந்து நல்ல நடனக் கலைஞராக வளர்ந்த தம்பி ரவி, 1938இல் அண்ணனின் குழுவை விட்டு விலகி, அலாவுதீன் கானிடம் சித்தார் கற்கப் போனார். பாவ்லோவாவின் குழுவிலிருந்து அண்ணன் வெளியேறியதுபோல, அண்ணனின் குழுவிலிருந்து தம்பி வெளியேறினார்.

அதே காலத்தில் இமயமலை அடிவாரத்து அல்மோராவில் உதய் சங்கர் ஒரு கலை மையத்தைத் தொடங்கினார். கதகளிக்குச் சங்கரன் நம்பூதிரியும், மணிப்புரிக்கு அமோபி சிங்கும் அங்கே ஆசிரியர்கள். பரதம் கற்பித்தவர் பாலசரஸ்வதியின் குருவான கந்தப்பப் பிள்ளை. தமிழ் மண்ணின் ஆசான் ஒருவர் இமயத்தின் மடியில் பாடம் நடத்தினார் என்பது நமக்குப் பெருமை. பின்னாளில் திரைப்பட இயக்குநராகப் பேர் பெற்ற குரு தத் அங்கே மாணவர். பணப் பற்றாக்குறையால் சில ஆண்டுகளில் மையம் மூடப்பட்டது. மனம் தளராத உதய் சங்கர், சென்னை ஜெமினி ஸ்டூடியோவில் நடனத்தையே கதையாக்கிக் கல்பனா என்ற திரைப்படத்தை எடுத்தார். 1948இல் வெளிவந்த அது வசூலில் தோற்றது. ஆனால் நம் தாத்தா பாட்டிமார் கொண்டாடிய பத்மினி, திரையில் முதலில் ஆடியது அந்தப் படத்தில்தான். 2012இல் கான் திரைப்பட விழாவில் அது புதுப்பிக்கப்பட்டுத் திரையிடப்பட்டது.

1971இல் பத்ம விபூஷண் விருது பெற்ற உதய் சங்கர், 1977 செப்டம்பர் 26ஆம் நாள் கல்கத்தாவில் மறைந்தார். மரபு வழுவாத நடனம் அவருடையது அல்ல என்ற விமர்சனம் அவர் வாழ்நாளிலேயே உண்டு. ஆனாலும் இந்தியாவின் நவீன நடனம் என்று பேசத் தொடங்கினால் முதலில் வருவது அவர் பெயர்தான்.

என் மாணவன் திரும்பி வந்துவிட்டான். வேடத்தை நான் மாற்றவில்லை. அவனும் கேட்கவில்லை. ஆயர்பாடிச் சிறுவனாகவே ஆடி முடித்தான். அடுத்த நிகழ்ச்சிக்கு ஐந்து நிமிட நடனம் ஒன்றை அவனையே அமைக்கச் சொல்லியிருக்கிறேன். அதில் யாருக்கு என்ன வேடம் என்பதை அவன்தான் முடிவு செய்ய வேண்டும். இப்போதே தலையைப் பிய்த்துக்கொள்கிறான்.

நானும் ஒன்று கற்றுக்கொண்டேன். வேடப் பட்டியலை இப்போதெல்லாம் புலனத்தில் அனுப்புவதில்லை. ஒவ்வொருவரையும் அருகே அழைத்து, உனக்கு ஏன் இந்த வேடம், அடுத்த முறைக்கு நீ எதில் தேற வேண்டும் என்று நேரில் சொல்லிவிடுகிறேன்.