ஈராஸ் பாதிரியாரும் மீன் என்னும் சொல்லும்

சிந்துவெளி எழுத்தைத் தமிழோடு இணைத்து எண்ணிய முன்னோடிகளுள் ஈராஸ் பாதிரியார் குறிப்பிடத்தக்கவர். மத்தியதரைக் கடலோர நகரமான பார்சிலோனாவில் 1888ஆம் ஆண்டு பிறந்த இவர், இயேசு சபைத் துறவியாகி, 1922இல் பம்பாய் வந்து தூய சேவியர் கல்லூரியில் வரலாற்றுப் பேராசிரியரானார். 1926இல் அங்கு இந்திய வரலாற்று ஆய்வு நிறுவனத்தைத் தோற்றுவித்தார். விசயநகரத்து ஆரவீட்டு மரபினர் பற்றி 1927இலும், மண்டகப்பட்டுக் குடைவரையால் விழுப்புரம் வட்டாரத்திற்குப் பெருமை சேர்த்த பல்லவர் பற்றி 1933இலும் நூல்கள் வெளியிட்டார்.

அவர் இந்தியா வந்த ஈராண்டில், 1924இல், அரப்பா, மொகஞ்சதாரோ அகழாய்வுச் செய்தி உலகிற்கு எட்டியது. முத்திரைகளில் அடிக்கடி வரும் மீன் வடிவம் அவர் கருத்தைக் கவர்ந்தது. அம்மக்கள் பேசியது திராவிட மொழி எனக் கொண்டு, அதனை மீன் என்றே படித்தார். தமிழில் நீரில் வாழ்வதும் மீன். வானில் ஒளிர்வதும் மீன். ஒலி ஒன்றாதலின், மீனை வரைந்து விண்மீனைச் சுட்டியிருக்கலாம் என்பதே அவர் கண்ட நுட்பம்.

எழுத்து முழுவதையும் படித்துவிட்டதாக நம்பிய அவர், 1953இல் அது குறித்துப் பெருநூல் ஒன்றை வெளியிட்டார். அறிஞருலகம் அவருடைய வாசிப்புகளுள் பெரும்பாலானவற்றை ஏற்கவில்லை. 1955 டிசம்பர் 14ஆம் நாள் பம்பாயில் காலமானார்.

எனினும் மீன் பற்றிய கருத்து நிலைத்தது. பின்லாந்து அறிஞர் அஸ்கோ பர்போலா அதனை வளர்த்தெடுத்தார். ஆறு கோடுகளோடு வரும் மீனைக் கார்த்திகையாகிய அறுமீன் என்றும், ஏழு கோடுகளோடு வருவதை எழுமீன் என்றும் விளக்கினார்.

அச்சொல்லின் பிறப்போ இன்றும் ஐயத்திற்குரியது. மின்னுவதால் மீன் ஆயிற்று என்பது தேவநேயப் பாவாணர் முதலியோர் கொள்கை. பரோவும் எமனோவும் 1961இல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பகராதி, மின்னுதலையும் நீர்வாழ் மீனையும் தனித்தனிப் பதிவுகளாகவே வைத்துள்ளது. வேர் ஒன்றாயினும் இரண்டாயினும் ஈராசின் கருத்துக்கு ஊறில்லை. அதற்கு ஒலியொப்புமையே போதும். ஆனால் அம்மக்களின் மொழி திராவிடமே என்பது மெய்ப்பிக்கப்பட்டாலன்றி அவ்வாசிப்பு உறுதிபெறாது.

எழுத்துப் புதிரை விடுவிப்போர்க்குப் பத்து இலட்சம் டாலர் பரிசு வழங்கப்படும் எனத் தமிழக அரசு 2025 சனவரியில் அறிவித்தது. ஈராஸ் விட்டுச்சென்ற வினா, விடைக்காக இன்னும் காத்திருக்கிறது. தமிழ்ச்சொல் ஒன்றின் இருபொருளை ஆய்வுக் கருவியாக்கிய அப்பெருமகனார், சொல்லை ஆளும் பாவலர் நினைவில் என்றும் நிற்கத்தக்கவர்.