நஞ்சுக்கு அளவு கண்ட நாடோடி மருத்துவர்



பரிசளிப்பு விழா மலர் என்றால் மகான்கள், தலைவர்கள், கவிஞர்கள் இவர்களுடைய வரலாறுதான் வழக்கமாக வரும். இந்த முறை கொஞ்சம் வேறு மாதிரியான ஓர் ஆளைப் பற்றிச் சொல்லப் போகிறேன். அவர் சரியான வாய்த்துடுக்குக்காரர். ஓர் ஊரில் நிலையாகக் குடியிருந்தவரில்லை. ஆனால் மருந்து சீசாவில் ஒரு வேளைக்கு எத்தனை கரண்டி என்று எழுதியிருக்கிறதே, அந்த அளவின் அருமையை உலகத்துக்கு உரக்கச் சொன்னவர்களில் அவர் முதன்மையானவர்.

அவர் கதைக்கு முன்னால் ஒரு கல்லின் கதையைக் கேளுங்கள். கண்ணுக்கு மை தீட்ட அந்தக் காலத்தில் அரைத்தார்களே, அஞ்சனக்கல், அதிலிருந்து கிடைக்கும் உலோகத்துக்கு ஆண்டிமனி என்று பெயர். பார்த்தால் வெள்ளிபோலப் பளபளக்கும். சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினால் நொறுங்கிவிடும். இது ஏதோ தூர தேசத்துச் சரக்கு என்று நினைத்துவிடாதீர்கள். நம் சரவாக்கில், பாவு வட்டாரத்தில், 1820களிலிருந்து இந்தக் கல்லைத் தோண்டிச் சிங்கப்பூர் வழியாக ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். 1836இல் அங்கே கலகம் மூண்டதற்கு, அந்தச் சுரங்கங்களில் மக்களை அடித்துப் பிடித்து வேலை வாங்கியதும் ஒரு காரணம்.

நல்லது, இப்போது நம் ஆளிடம் வருவோம்.

பிறப்பும் இளமையும்

1493ஆம் ஆண்டு வாக்கில், இன்றைய சுவிட்சர்லாந்து நாட்டில், ஐன்சீடெல்ன் என்ற சிற்றூரில் அவர் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் தியோபிராஸ்டஸ். பாரசெல்சஸ் என்பது பின்னால் வந்த பெயர். உலகம் அவரை அந்தப் பெயரில்தான் அறியும். தகப்பனார் வில்ஹெல்ம் வைத்தியத் தொழில் செய்தவர். தாயார் அவ்வூர்க் கிறிஸ்துவ மடத்துக்குக் கட்டுப்பட்டு உழைத்த குடியில் பிறந்தவர் என்பார்கள். பையன் சிறுவனாக இருக்கும்போதே தாயார் கண்ணை மூடிவிட்டார்.

1502இல் தகப்பனார் மகனைக் கூட்டிக்கொண்டு, இன்றைய ஆஸ்திரியாவில் உள்ள வில்லாக் நகருக்குக் குடிபெயர்ந்தார். அது சுரங்கச் சீமை. மலையைக் குடைந்து ஈயம் எடுப்பவர்களும், உலையில் உருக்குபவர்களும் நிறைந்த இடம். தகப்பனார் நோயாளி வீட்டுக்குப் போகும்போது பையனும் கூடவே போவான். மூலிகையைப் பற்றியும் கனிமத்தைப் பற்றியும் அவன் முதலில் படித்தது தகப்பனாரிடம்தான். பிறகு ஷ்வாட்ஸ் என்ற ஊரின் வெள்ளிச் சுரங்கப் பகுதியிலும் இருந்து, உலைக்களத்து வேலைகளைக் கண்ணாரக் கண்டு கற்றார்.

வாலிப வயதில் நாடு நாடாகச் சுற்றினார். படைகளோடு சென்று காயத்துக்குக் கட்டுப்போட்டார். நாவிதர், மருத்துவச்சி, நாடோடி என்று யாரிடம் ஒரு நல்ல கைமருந்து இருந்தாலும் கூச்சப்படாமல் கேட்டுத் தெரிந்துகொண்டார். படித்த வைத்தியர்கள் இவர்களை ஏறெடுத்தும் பார்க்காத காலம் அது என்பதை மறந்துவிடக் கூடாது.

பொன்னைப் புடம் போட்ட கல்

அந்த நாளில் ரசவாதிகள் என்று ஒரு கூட்டம் இருந்தது. மட்டமான உலோகத்தைப் பொன்னாக்கிவிடலாம் என்று இராப்பகலாக அடுப்பூதிக் கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு ஆண்டிமனி என்றால் உயிர். காரணம் என்ன தெரியுமா? கலப்படத் தங்கத்தோடு அஞ்சனக்கல்லைச் சேர்த்து உருக்கினால், கல்லில் உள்ள கந்தகம் தங்கத்தில் கலந்திருக்கும் வெள்ளியையும் செம்பையும் பிடித்துக்கொண்டு மேலே மிதக்கும். தங்கமும் ஆண்டிமனியும் ஒன்று சேர்ந்து அடியில் இறங்கும். அந்தக் கட்டியை மறுபடி உலையில் வைத்துத் துருத்தியால் காற்று ஊதினால் ஆண்டிமனி புகையாய்ப் போய்விடும். சுத்தத் தங்கம் மிஞ்சும். மற்ற உலோகங்களை இப்படி விழுங்குவதால் அதற்கு ஓநாய் என்றே பட்டம் கட்டியிருந்தார்கள்.

பாரசெல்சஸ் இதைப் பார்த்தார். தங்கத்தின் அழுக்கைப் போக்கும் பொருள் மனித உடம்பின் அழுக்கையும் போக்காதா என்று யோசித்தார். ரசவாதத்தின் வேலை பொன் செய்வது அல்ல, மருந்து செய்வதுதான் என்று துணிந்து சொன்னார். ஆண்டிமனி, பாதரசம், கந்தகம் இவற்றை நெருப்பில் இட்டுப் பக்குவப்படுத்தி மருந்தாக்க முனைந்தார். பொன் ஆசை பிடித்து அலைந்த ஒரு வித்தையை நோய் தீர்க்கும் பக்கம் திருப்பிவிட்டது சின்ன காரியமா, சொல்லுங்கள்?

தாய்மொழியில் பாடம்

1527இல் பாசெல் நகரத்தார் அவரை நகர வைத்தியராக அமர்த்தினார்கள். அங்கே புரோபென் என்ற பெரிய அச்சகக்காரருக்குக் காலில் கடுமையான நோய். மற்ற வைத்தியர்கள் கைவிட்ட அந்தக் காலைப் பாரசெல்சஸ் வெட்டாமலே குணப்படுத்தினார். பேரும் புகழும் வந்தன. பல்கலைக்கழகத்தில் பாடம் சொல்லும் உரிமையும் கிடைத்தது.

அங்கேதான் வந்தது வினை. அந்த நாளில் மருத்துவப் பாடம் லத்தீன் மொழியில்தான் நடக்கும். சாதாரண ஜனங்களுக்கு ஒரு சொல்லும் புரியாது. பாரசெல்சஸ் என்ன செய்தார்? ஊர் ஜனங்கள் வீட்டில் பேசுகிற ஜெர்மன் மொழியிலேயே பாடம் நடத்தினார். அவ்வளவுதான், பண்டிதர்கள் கொதித்தெழுந்தார்கள். வீட்டு மொழியில் விஞ்ஞானம் சொன்னால் மரியாதை கெட்டுவிடும் என்பது அவர்கள் எண்ணம். தமிழ்ப் பள்ளியில் பிள்ளைகளைச் சேர்த்திருக்கும் பெற்றோர்களே, இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று படியுங்கள்.

அவரிடம் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். அந்த ஆண்டு ஜூன் 24ஆம் நாள், திருவிழா நெருப்பில், பழைய மருத்துவ நூல் ஒன்றைத் தூக்கிப் போட்டுவிட்டார். அது இப்னு சீனா என்ற பேரறிஞரின் நூல் என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். எதுவானாலும் சரி, புத்தகத்தை எரிப்பது நல்ல பழக்கமல்ல. பிள்ளைகள் அதைப் பின்பற்ற வேண்டாம். மது அருந்தும் பழக்கமும் இருந்தது. நாவையும் அடக்கத் தெரியவில்லை. வைத்தியக் கூலி தராமல் ஏமாற்றிய ஒரு பெரிய மனிதர்மேல் வழக்குப் போட்டுத் தோற்றார். தீர்ப்புச் சொன்னவர்களையே ஏசினார். 1528இல் இரவோடு இரவாக ஊரை விட்டு ஓட வேண்டியதாயிற்று.

உழைப்பாளியின் நோய்

அதன் பிறகு அவருக்கு நிலையான வீடு கிடையாது. ஊர் ஊராக அலைந்துகொண்டே எழுதினார். அப்படி 1530களில் எழுதியதுதான் சுரங்கத் தொழிலாளரின் நோய் பற்றிய நூல். சுரங்கத்தில் இறங்குகிறவர்கள் இருமி இருமி மூச்சு முட்டிச் செத்தால், மலையில் உள்ள பேய் அடித்தது என்று ஊரார் பேசிக்கொள்வார்கள். பேயுமில்லை, பிசாசுமில்லை, அவர்கள் நாள்தோறும் மூச்சில் இழுக்கிற கெட்ட காற்றும் உலோகப் புகையும்தான் நெஞ்சைக் கெடுக்கிறது என்று பாரசெல்சஸ் எழுதினார். ஒரே நாளில் தாக்கும் நஞ்சு வேறு, வருஷக்கணக்கில் சிறுகச் சிறுக ஏறும் நஞ்சு வேறு என்றும் பிரித்துக் காட்டினார்.

ஒரு தொழில் செய்கிறவர்களுக்கு அந்தத் தொழிலாலேயே வரும் நோயைப் பற்றித் தனியாக எழுதப்பட்ட முதல் நூல் இதுதான் என்கிறார்கள். ஆனால் அது அச்சாகி வந்தது 1567இல். அப்போது அவர் இறந்து 26 ஆண்டுகள் ஆகிவிட்டன.

நஞ்சைக் கொடுத்து ஆளைக் கொல்கிறார் என்று எதிரிகள் பழி சொன்னார்கள். அதற்கு 1538இல் எழுதிய விடையில்தான் அந்தப் பெரிய உண்மையைச் சொன்னார். உலகத்தில் நஞ்சு இல்லாத பொருளே கிடையாது. ஒரு பொருளை நஞ்சு ஆக்குவதும் ஆக்காததும் அதன் அளவுதான் என்பது அவர் கருத்து. இதைப் புரிந்துகொள்ள நமக்குப் பெரிய படிப்பு வேண்டாம். தோட்டத்தில் ரப்பர்ப் பால் உறைய ஆசிட் ஊற்றியவர்களைக் கேளுங்கள். அளவு குறைந்தால் பால் உறையாது. கூடினால் ஷீட்டு கெட்டுப்போகும். களைக்கொல்லி அடிக்கிறவர்களுக்கோ இது உயிர்ப் பிரச்சினை.

1541 செப்டம்பர் 24ஆம் நாள், சால்ஸ்பர்க் நகரில், 50 வயதுகூட நிறையாமல் அவர் காலமானார். கொஞ்சநஞ்சம் இருந்ததில் ஏழைகளுக்கும் ஒரு பங்கு எழுதி வைத்துவிட்டு, ஏழைகள் நடுவிலேயே அடக்கமானார்.

அவருக்குப் பின்

அவர் மூட்டிய சண்டை அவரோடு அடங்கவில்லை. 1566இல் பாரிஸ் மருத்துவப் பீடம் ஆண்டிமனியை மருந்தாகக் கொடுக்கவே கூடாது என்று தடை போட்டது. உள்ளதைச் சொன்னால், தடை போட்டவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது. அளவு தெரியாதவர்கள் அதைக் கொடுத்து எத்தனையோ பேர் மாண்டார்கள். ஆண்டிமனிக் கிண்ணத்தில் இரவு முழுவதும் மதுவை ஊற்றி வைத்துக் காலையில் குடித்தால் வாந்தி வரும். அதையே வைத்தியம் என்று நம்பினார்கள். 1658இல் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி, தம் 19ஆம் வயதில், கடும் காய்ச்சலில் படுத்தார். ஆண்டிமனி கலந்த மருந்து கொடுத்தார்கள், பிழைத்துக்கொண்டார். 1666இல் தடை நீங்கியது. சரியாக நூறு வருஷம்!

இதற்குள் ஆராய்ச்சி வேறு வளர்ந்தது. நியூட்டன்கூட ஆண்டிமனியை உருக்கி ஆற வைத்து, அதன்மேல் படியும் நட்சத்திரக் கோலத்தை ஆராய்ந்திருக்கிறார். 1789இல் லவாய்சியே வெளியிட்ட தனிமங்களின் பட்டியலில் அதுவும் இடம்பெற்றது. ரசவாதியின் ஓநாய் ரசாயனப் பாடத்துக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

கடைசியாக ஒன்று. அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்கள் உள்ள சீமையில் காலா அசார் என்ற காய்ச்சல் ஊர் ஊராக உயிர்களை வாரிக்கொண்டு போயிற்று. 1920களின் தொடக்கத்தில், கல்கத்தாவில் உபேந்திரநாத் பிரம்மச்சாரி என்ற டாக்டர், வசதி குறைந்த ஒரு சின்ன அறையில் பாடுபட்டு, ஆண்டிமனி சேர்ந்த ஊசிமருந்து ஒன்றைக் கண்டுபிடித்தார். அளவறிந்து போட்ட அந்த ஊசி ஆயிரமாயிரம் பேரை எழுப்பி உட்கார வைத்தது. கைவிடப்பட்ட நஞ்சு, அளவு தெரிந்த கையில் அமுதமாயிற்று.

இன்று மேடையேறிப் பரிசு வாங்கும் பிள்ளைகளே! பாரசெல்சஸ் கல்லூரியில் படித்ததைவிட உழைப்பாளிகளிடம் படித்தது அதிகம். உங்கள் அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி கைகளிலும் ஒரு படிப்பு இருக்கிறது. புத்தகத்தைப் படியுங்கள், அவர்களையும் கேளுங்கள். தெரிந்ததைத் தாய்மொழியில் நாலு பேருக்குச் சொல்லுங்கள். எதிலும் அளவு அறிந்து நடந்துகொள்ளுங்கள், பேச்சிலும்கூட! இந்த ஒன்றை மட்டும் அவர் கற்றுக்கொள்ளவில்லை, நாமாவது கற்றுக்கொள்வோம்.