ஃபோலிக் அமிலம் தந்த சுப்பாராவ்

உங்கள் வீட்டில் யாராவது ரத்தசோகைக்கு மாத்திரை சாப்பிட்டால், அந்த அட்டையை எடுத்துப் பாருங்கள். இரும்புச்சத்தோடு ஃபோலிக் அமிலம் என்றும் போட்டிருக்கும். அதை ஆய்வகத்தில் தயாரித்துக் காட்டிய குழுவின் தலைவர் சென்னையில் டாக்டருக்குப் படித்தவர். பெயர் எல்லாப்பிரகட சுப்பாராவ்.

1895-இல் ஆந்திரத்தின் பீமவரத்தில், வசதியில்லாத குடும்பத்தில் பிறந்தார். மெட்ரிகுலேஷனில் மூன்றாம் முறைதான் தேறினார். சென்னை மருத்துவக் கல்லூரியில் கதர் உடையில் அறுவை அரங்குக்குப் போய் ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளானார், எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை, எல்.எம்.எஸ். சான்றுதான் கொடுத்தார்கள்.

அவருடைய சகோதரர்கள் இருவர் ஸ்ப்ரூ நோயில் இறந்தார்கள். இப்போது நாம் அதிகம் கேள்விப்படாத நோய். சிறுகுடலின் உட்சுவர் கெட்டுப்போய், சாப்பிட்டது உடம்பில் ஒட்டாது. ஓயாத வயிற்றுப்போக்கு, ரத்தசோகை, எலும்பும் தோலுமாக மெலிவு. வீட்டில் சோறு இருந்தும் ஆள் பட்டினியில் கரைவதுபோல.

1920-களில் அமெரிக்கா போனார். மருத்துவமனையில் இரவு வேலை பார்த்துக்கொண்டே ஹார்வர்டில் படித்தார். ரத்தத்தில் பாஸ்பரஸை அளக்க 1925-இல் ஃபிஸ்கேயுடன் சேர்ந்து அவர் வெளியிட்ட முறை உயிர்வேதியியல் படித்தவர்களுக்குத் தெரியும். 1940-இல் லெடர்லி நிறுவனத்துக்கு மாறினார்.

அதற்கு முன்பே லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர், நம் ராஜபாளையத்தைப் போலப் பஞ்சாலைகள் நிறைந்த பம்பாயில், ஏழைக் கர்ப்பிணிகளின் ரத்தசோகை ஈஸ்ட் சாற்றில் குணமாவதைக் கண்டிருந்தார். அந்தச் சாற்றில் இருந்த சத்துதான் ஃபோலேட். சுப்பாராவின் குழு அதை 1945-இல் செயற்கையாகத் தயாரித்தது. அடுத்த ஆண்டுக்குள் கியூபாவில் ஸ்ப்ரூ நோயாளிகள் அதைச் சாப்பிட்டுத் தேறினார்கள். குடலின் உட்சுவர் சில நாட்களுக்கு ஒருமுறை புதிதாக வளர்வது. அதற்கு ஃபோலேட் வேண்டும். ஃபோலேட் உள்ளே போகவோ நல்ல உட்சுவர் வேண்டும். இந்தச் சிக்கலை மாத்திரை அவிழ்த்தது. சகோதரர்களுக்குத்தான் காலம் கடந்துவிட்டது.

சரி, சாப்பாட்டுக்கு முன்பா, பின்பா? ஃபோலிக் அமிலம் வெறும் வயிற்றில் ஏறக்குறைய முழுவதும், சாப்பாட்டோடு சுமார் 85 சதவீதமும் உடலில் சேரும். எப்போது போட்டாலும் பெரிய நஷ்டமில்லை. கீரையில் இருக்கும் ஃபோலேட் பாதி அளவே சேரும். இரும்பு அப்படியில்லை. வெறும் வயிற்றில் நன்றாகச் சேரும், எலுமிச்சைச் சாறு துணைக்கு வந்தால் இன்னும் நல்லது. டீ, காபி, பால், கால்சியம் மாத்திரை எல்லாம் அதைத் தடுக்கும். வயிற்றைப் புரட்டினால் சாப்பிட்டபின் போடலாம், ஆனால் டீயை இரண்டு மணி நேரம் தள்ளி வையுங்கள். கால்சியம் கார்பனேட்டுக்கு இரைப்பை அமிலம் வேண்டும், அதனால் சாப்பாட்டோடு. வைட்டமின் டி கொழுப்பில் கரைவது. எண்ணெய், நெய் சேர்ந்த சாப்பாட்டுக்குப் பின் எடுத்தால் நல்லது. இன்னொன்று: பி12 குறைவாக இருப்பவர் ஃபோலிக் அமிலத்தை மட்டும் சாப்பிட்டால் ரத்தம் தேறும், நரம்புகள் கெட்டுக்கொண்டே போகும். சைவ உணவுக்காரர்களும் மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்களும் பி12 அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் டெட்ராசைக்ளின் வகை மருந்தான ஆரியோமைசினும் சுப்பாராவ் தலைமையில் இயங்கிய ஆய்வகத்தில்தான் பிறந்தது. கண்டெடுத்தவர் பெஞ்சமின் டக்கர். அந்த வகை மருந்துகளைப் பாலில் உள்ள கால்சியம் பிடித்து வைத்துக்கொள்ளும். ஸ்ரீவில்லிபுத்தூர் உறவினர்கள் பால்கோவா இல்லாமல் வரமாட்டார்கள். மாத்திரை போட்ட கையோடு டப்பாவைத் திறக்காதீர்கள்.

யானைக்கால் நோய்க்கான டி.இ.சி. மருந்தும் அவர் குழு தந்ததே. 1948 ஆகஸ்டில், 53 வயதில், தூக்கத்திலேயே மாரடைப்பால் இறந்தார். அமெரிக்கா போனபின் ஊர் திரும்பவே இல்லை. இந்திய அஞ்சல் துறை அவருக்குத் தபால்தலை வெளியிட்டது 1995-இல், அவருடைய நூற்றாண்டின்போது.